கண்ணாடி போட வைத்தது கேமா, கணக்கு வாத்தியாரா?

“எந்நேரமும் கேம்தான் டாக்டர். கண்ணும் போச்சு, நேரமும் போச்சு. நீங்களாவது உறைக்கிற மாதிரி சொல்லுங்க.” கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் எந்தக் கண் மருத்துவரின் அறைக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். சொல்பவர் அம்மா. பக்கத்தில் அப்பா தலையாட்டுவார். அவர் கையில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியில் இருக்கும் பையனுக்கு மைனஸ் ஒன்றரை பவர். அவனை நான் திட்டுவதில்லை. திட்டு வாங்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

முதலில் ‘கண்ணும் போச்சு’. இஸ்ரேலில் ஆசாரமான யூதக் குடும்பங்களின் பையன்கள் சின்ன வயதிலிருந்தே நாள் முழுக்க மறைநூல் படிப்பவர்கள். 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குக் கிட்டப்பார்வை என்று கண்டது. அதே சமூகத்துப் பெண்பிள்ளைகள் அவ்வளவு படிக்க வேண்டியதில்லை. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலானவர்களுக்கு மட்டும்தான். அந்தப் பையன்களின் கண்ணைக் கெடுத்தது எந்த கேம்? சிங்கப்பூருக்கு வாருங்கள். 1996-97-இல் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை. இந்திய வம்சாவளிப் பையன்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஸ்மார்ட்போன் பரவுவதற்கு அப்போது இன்னும் பத்து வருடம் இருந்தது. அந்த ஊரில் அன்றைக்கே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது டியூஷன்.

கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்க வேண்டிய கண் முன்னும் பின்னும் நீண்டுவிடுவதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறத்தாழ மூன்று பவர் வரை ஏறும். கிட்டத்தில் வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பது ஒரு காரணம். அதில் புத்தகமும் சேர்த்தி, போனும் சேர்த்தி. ஒரு சாண் தூரத்தில் இருப்பது நீட் கைடா, மைன்கிராஃப்டா என்று கண்ணுக்குத் தெரியாது. சொல்லப்போனால், பத்தடி தள்ளி உட்கார்ந்து டி.வி.யில் கேம் ஆடும் பையன், மூக்கு தொடுகிற தூரத்தில் நோட்ஸ் எழுதும் அக்காவைவிடக் கண்ணுக்குக் குறைவாகவே வேலை கொடுக்கிறான். இதைச் சொன்னால் அம்மாக்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இனி ‘நேரமும் போச்சு’. என் பொறுமையைச் சோதிப்பது இந்த இரண்டாம் பாதிதான். கேம் ஆடிய நேரத்தில் பிள்ளைக்குள் ஒன்றும் நடக்கவில்லை, சும்மா சுவரை வெறித்தமாதிரி உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறார்கள். கண் மருத்துவத்தையும் பார்வை அறிவியலையும் கொஞ்சம் புரட்டினாலே இந்த நினைப்பு நிற்காது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாஃப்னே பவேலியேவிடம் வேலை செய்த ஷான் கிரீன் என்ற மாணவர், பார்வைக் கவனத்தை அளக்க ஒரு கணினிச் சோதனை எழுதினார். தானே செய்து பார்த்தபோது மதிப்பெண் தாறுமாறாக எகிறியது. புரோகிராமில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். நண்பர்களைச் செய்யச் சொன்னார்; அவர்களும் அப்படியே. எல்லாரும் அதிரடி கேம் ஆடுகிறவர்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதிலிருந்து பிறந்த ஆய்வு 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஏற்கெனவே கண்ணும் கவனமும் கூர்மையாக இருப்பவர்கள்தான் கேம் பக்கம் போகிறார்களோ என்ற சந்தேகம் வரும் இல்லையா? அதற்காக, கேம் ஆடிப் பழகாதவர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் தேறினார்கள்.

2009-இல் அதே குழு இன்னொரு படி போனது. ஒன்பது வாரத்தில் ஐம்பது மணி நேரம் அதிரடி கேம் ஆடியவர்களுக்கு, சாம்பல் நிறத்தில் மிக நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்துப் பார்க்கும் திறன் கூடியிருந்தது. அந்தி நேரத்தில் விளக்கில்லாத சைக்கிள்காரரை நம் கண்ணில் படவைக்கும் திறன் அது. கண்ணாடி போட்டோ அறுவைசிகிச்சை செய்தோதான் அதை மேம்படுத்த முடியும் என்று எங்கள் துறை நம்பிக்கொண்டிருந்தது. எல்லா கேமும் இதைச் செய்யாது. ஆற அமர வீடு கட்டி விளையாடும் ‘தி சிம்ஸ்’ ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாலாபுறமும் ஆள் பாயும், நொடியில் முடிவெடுக்க வேண்டிய கேம்களுக்குத்தான் கிடைத்தது. அதாவது, நீங்கள் எதைப் பார்த்து “ஐயோ, சுடுறானே!” என்று அலறுகிறீர்களோ அதற்கு.

சோம்பேறிக் கண் என்று ஒன்று உண்டு. கண்ணில் கோளாறு எதுவும் தெரியாது. ஆனால் சின்ன வயதில் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்திப் பழகாததால் பார்வை மங்கியே நின்றுவிடும். பெரியவர்களானபின் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2011-இல் கலிபோர்னியாவில், இப்படிப்பட்ட பெரியவர்களின் நல்ல கண்ணை மூடிவிட்டு, மங்கிய கண்ணால் நாளுக்கு இரண்டு மணி நேரம் வீடியோ கேம் ஆடவிட்டார்கள். நாற்பது மணி நேரத்தில் பார்வைக் கூர்மை ஏறியது. இம்முறை சாதுவான கேமும் வேலை செய்தது. இரண்டு கண்ணுக்கும் காட்சியைப் பங்கிட்டுக் காட்டி டெட்ரிஸ் ஆடவைத்த ஆய்வு 2013-இல் வந்தது. அதுவும் பலன் தந்தது. உடனே, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்கப் பிள்ளையின் நல்ல கண் மேல் டாக்டர் ஒட்டிய ஒட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு போனைக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில் இந்த வகை கேம் ஒட்டைவிட மேலானதாகத் தேறவில்லை. ஒட்டு ஒட்டாகவே இருக்கட்டும்.

இன்றைக்குக் கண்புரை அறுவைசிகிச்சை கற்கும் இளம் மருத்துவர்கள், நோயாளியைத் தொடும் முன் எங்கே பழகுகிறார்கள் தெரியுமா? சிமுலேட்டரில். திரை, கைப்பிடி, கால்மிதி, கட்டம் கட்டமாகக் கடினம், முடிந்ததும் மதிப்பெண். கேம் என்று சொல்லக் கூச்சப்பட்டு சிமுலேட்டர் என்கிறோம். பிரிட்டனில் முதல், இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் பின்பக்கச் சவ்வு கிழிந்துபோவது 2009-இல் 4.2 சதவீதமாக இருந்தது. இந்தப் பயிற்சி பரவியபின், 2015-இல் 2.6 சதவீதம். உங்கள் மாமனாரின் கண் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கலாம்.

இதெல்லாம் மார்க்கைக் கூட்டுமா? கூட்டாது. கூட்ட வேண்டியதுமில்லை. ஐ.பி.எல். மேட்சை நாலு மணி நேரம் பார்க்கும் மனிதரிடம் “இதனால் என்ன பிரயோஜனம்?” என்று யாரும் கேட்பதில்லை. பத்து வயதுப் பையனிடம் மட்டும் ஒவ்வொரு மணிக்கும் ரசீது கேட்கிறோம்.

சில்லறை நம்பிக்கைகள் சில. நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கினால் கண் களைப்பு வராது என்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வு, பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. அந்தக் காசுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுங்கள். இருட்டில் ஆடினால் விழித்திரை போய்விடாது. கண் சிமிட்ட மறந்து எரியும், அவ்வளவுதான். ஆன்லைன் ரம்மியில் பணம் போன வீட்டில் பிள்ளையின் கேமைத் திட்டுவது தனி வேடிக்கை. அது சூதாட்டம், வேறு சங்கதி. கேமுக்கு அடிமையாவது நிஜமாகவே உண்டு, உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் சாப்பாடு, தூக்கம், படிப்பு, நட்பு எல்லாம் குலைந்து, பொதுவாக ஒரு வருடமாவது அப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயர். சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஆடியதற்கு அல்ல.

அப்படியானால் கண்ணாடி எதனால் வந்தது? வெயில் படாததால் என்பேன். வெளியே மரநிழலில் நின்றாலே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம். வகுப்பறையில் சில நூறு கிடைத்தால் அதிகம். நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண் நீளுவதைத் தடுக்கிறது என்பதே இப்போதைக்கு வலுவான விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று வருடத்தில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. தைவான் 2010-இல் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விடும் திட்டம் தொடங்கியது. வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக்குறைவு விகிதம் 2012-இலிருந்து இறங்கியது.

நம் ஊரில் அந்த நாற்பது நிமிடத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: பி.டி. பீரியட். கால அட்டவணையில் அழகாக அச்சாகியிருக்கும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார், “போர்ஷன் முடியல” என்பார். சயின்ஸ் டீச்சர் வராண்டாவில் வரிசையில் நிற்பார். மைதானத்தில் பஸ் நிறுத்தியிருப்பார்கள். மாலையில் டியூஷன், வெளியே வரும்போது தெருவிளக்கு எரியும். இத்தனையும் முடித்துவிட்டு வந்த பையனுக்கு மிச்சமிருப்பது ராத்திரி ஒரு மணி நேரம். அதில் அவன் கேம் ஆடுகிறான். வெயிலைத் தின்றது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

ஆகவே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: போன மாதம் பி.டி. பீரியட் எத்தனை இருந்தது, எத்தனை நாள் பிள்ளைகள் வெளியே போனார்கள்? பத்தாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான்.