சாவி உங்கள் மகனிடம் இருக்கலாம்

கேள்வி: நத்தத்தில் சிறிய அளவில் ரெடிமேட் சட்டை யூனிட் நடத்துகிறேன். லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டதென்று மாற்றினேன். அதிலிருந்து நீலத்திரை வந்து, 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கிறது. நான் பூட்டே போடவில்லையே! பாஸ்வேர்டு தெரியும், ஆனால் அதைப் போட இடமே இல்லை. கட்டிங் அளவுகள், பாக்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஃபார்மேட் பண்ணுவதே வழி என்கிறார் ஒருவர். பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
— வாசகர், நத்தம்

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ‘நான் பூட்டே போடவில்லையே’ என்கிறீர்கள் அல்லவா, உங்கள் சிக்கலுக்கு விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் உடைக்கும் கதை. விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது உள்ளே போன பிறகு வருகிற கதவு. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு அப்படியல்ல; டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் குறியாக்கம் செய்து, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி குழப்பி, வைத்துவிடுகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் குப்பைதான் தெரியும். அந்த 48 இலக்கத்துக்குப் பின்னால் இருப்பது 128 பிட் எண். வினாடிக்கு ஒரு லட்சம் கோடி எண்களைப் போட்டுப் பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். அவர் எத்தனை நாளில் தருவதாகச் சொன்னார்?

இதுவரை கேட்காத சாவியை இப்போது ஏன் கேட்கிறது? டிஸ்க்கின் சாவியை டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் வைத்திருந்தது. தினமும் நீங்கள் ஆன் செய்தபோது, அது மெஷினைச் சரிபார்த்துத் தானே திறந்துவிட்டது. மதர்போர்டோடு அந்தச் சிப்பும் போய்விட்டது. புதிய சிப்புக்கு உங்கள் டிஸ்க் அந்நியம். பயாஸ், அதாவது மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின், அமைப்பை மாற்றினாலும் சில சமயம் இந்தத் திரை வரும். அப்படி வந்திருந்தால் பழையபடி மாற்றினாலே திறந்துகொள்ளும். உங்களுக்கு மாறியது போர்டு என்பதால், பழைய போர்டைக் கடையில் கேட்டு வாங்கி வையுங்கள். அதைச் சரிசெய்து மாட்ட முடிந்தால் பெரும்பாலும் சாவியே கேட்காது.

சரி, பூட்டியது யார்? விண்டோஸ்தான். இப்போதைய பல லேப்டாப்களில், முதன்முதலில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பூட்டு தானாக விழுந்துவிடும். ஆனால் அதற்குமுன் ரெகவரி கீயை அந்தக் கணக்கில் சேமித்துவிடும். ஆகவே நீங்கள் பூட்டவில்லை என்றால், சாவி யாரோ ஒருவருடைய கணக்கில் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப் வாங்கியபோது செட் பண்ணிக் கொடுத்தது யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் காலேஜ் போகும் பிள்ளைதான். அல்லது விற்ற கடைப் பையன். அவர் எந்த மெயிலில் நுழைந்தார் என்று கேளுங்கள். மொபைலிலேயே அந்தக் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் கீ பாருங்கள். பல கீ இருந்தால், நீலத்திரையில் தெரியும் கீ ஐ.டி.யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதுதான் உங்களுடையது. காலேஜ் மெயில் என்றால் அங்குள்ள கம்ப்யூட்டர் நிர்வாகியைக் கேட்க வேண்டும்.

கையால் எழுதிவைத்த நோட்டு கிடைத்து, ஓர் எண் மட்டும் அழிந்திருந்தாலும் கவலை இல்லை. சாவி ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 135?95 என்று இருந்தால், 0 முதல் 9 வரை போட்டுப் பாருங்கள். 7 மட்டும்தான் பொருந்தும். தவறான இலக்கத்தைத் திரை உடனே மறுப்பதும் இந்தக் கணக்கால்தான்.

இந்தத் தவிப்பு நத்தத்துக்கு மட்டும் வந்ததல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் கோளாறால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முடங்கிய கம்ப்யூட்டர்களைச் சீர்செய்யப் போன பல நிறுவனங்களும் இதே 48 இலக்கத்தைத்தான் தேடின.

எந்தக் கணக்கிலும் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் புதிதாகச் சாவி செய்து தர முடியாது. அப்போது ஃபார்மேட்தான். தாக்கல் செய்த ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களை போர்ட்டலிலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கட்டிங் அளவுகளை உங்கள் மாஸ்டரிடம் கேட்டு எழுத வேண்டியதுதான். எல்லாக் கணக்குகளிலும் தேடி முடிக்கும்வரை யாரையும் ஃபார்மேட் பண்ண விடாதீர்கள். அதைச் செய்துவிட்டால், பிறகு சாவி கிடைத்தாலும் பயனில்லை.