எந்தச் சுரம் எந்தக் குரலுக்கு?



நம் பாடற்குழுவின் அலமாரியில் பழைய நாலு குரல் பாட்டுத் தாள்கள் அநேகம் உண்டு. அவை மஞ்சளித்து, ஓரம் உதிர்ந்து வருகின்றன. ஆகையால் நம் வாலிபர் சிலர் அவற்றை ஸ்கேன் செய்து, ஆடிவெரிஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு படிக்கச் செய்கிறார்கள். அது அச்சுச் சுரங்களை மியூசிக் எக்ஸ்.எம்.எல். கோப்பாக்கித் தரும். அக்கோப்பை மியூஸ்ஸ்கோர் போன்ற வேறொரு மென்பொருளில் திறந்து, குரல்களைப் பிரித்து ஒலிக்கக் கேட்கலாம்.

சென்ற மாதம் ஆல்டோ பாடும் பெண்கள் அப்படிக் கேட்டே பாடம் பண்ணினார்கள். கோவிலில் பாடும் வேளையில், ஓர் இடத்தில் அத்தனை பேரும் ஒருமிக்க மௌனமானார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. அவர்கள் சுரத்தை மென்பொருள் சோப்ரானோவுக்குக் கொடுத்துவிட்டது. சரிபாராமல் கையில் கொடுத்தவன் நான். ஆகவே இந்தப் பாடம்.

கார்டு என்பது யாது? ஒரே தண்டில் சேர்ந்து, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள். தண்டில் தனித்து நிற்கும் ஒற்றைச் சுரத்தையும், மௌனக் குறியையும்கூட ஆடிவெரிஸ் ஒரு கார்டாகவே எண்ணும். குரல் என்பது யாது? ஒரு கட்டத்தினுள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கார்டுகளின் சங்கிலி. ஒரு கார்டு ஒரு குரலுக்கே சொந்தம்.

மேல் வரிகளில் சோப்ரானோவின் தண்டு மேல்நோக்கும். ஆல்டோவின் தண்டு கீழ்நோக்கும். கீழ் வரிகளில் டெனரும் பேஸும் அவ்விதமே. ஆனால் இரு குரலும் ஒரே அளவில் நடக்குமிடத்தில், அச்சிடுவோர் இரண்டையும் ஒரே தண்டில் கோப்பதும் உண்டு. மேலுள்ளது சோப்ரானோ, கீழுள்ளது ஆல்டோ என்று நாம் அறிவோம். இயந்திரமோ ஒரே தண்டைக் கண்டு, ஒரே குரல் என்று தீர்த்துவிடும்.

உதாரணமாக, நாலு தாளமுள்ள ஒரு கட்டம். சோப்ரானோவுக்கு நாலு குரோசெட். ஆல்டோவுக்கு ஒரு மினிம், பின் இரண்டு குரோசெட்: 2+1+1=4. மூன்றாம் தாளத்தில் மட்டும் இரு சுரங்களும் ஒரே தண்டில் நிற்கின்றன. இயந்திரம் அந்தக் கார்டை முழுவதும் சோப்ரானோவுக்குக் கொடுக்கும். ஆல்டோவுக்கு மிஞ்சுவது 2+1=3. நம் பெண்கள் மௌனமானது இந்த மூன்றாம் தாளத்தில்தான்.

திருத்தும் முறை:

1. ஒவ்வொரு குரலையும் கூட்டிப் பாருங்கள். கணக்குத் தவறினால், முதலில் விட்டுப்போன புள்ளி, வால், மௌனக் குறி இவற்றைத் தேடுங்கள். புள்ளி வைத்த குரோசெட் ஒன்றரைத் தாளம்; புள்ளி போனால் ஒன்றே. குறியைத் திருத்தினால் குரல் பெரும்பாலும் தானே சரியாகும்.

2. குறிகள் சரியாயிருந்தும் கார்டு வேறு குரலில் சேர்ந்திருந்தால், இரு கார்டுகளைத் தெரிந்துகொண்டு, 'சேம் வாய்ஸ்' என்ற கட்டளையால் ஒரே குரலாக்குங்கள். முந்தியது முடிந்தவுடன் பிந்தியது தொடங்கவேண்டுமானால் 'நெக்ஸ்ட் இன் வாய்ஸ்'. தவறாய்ச் சேர்ந்தவற்றைப் பிரிக்க 'செபரேட் வாய்ஸஸ்'.

3. ஒரே தண்டில் இரு குரல்கள் நின்றால் இக்கட்டளைகள் உதவா. அவை முழுக் கார்டையும் நகர்த்தும். மியூஸ்ஸ்கோரில் கீழ்ச் சுரத்தை மட்டும் தெரிந்துகொண்டு இரண்டாம் குரலுக்கு மாற்றுங்கள். அங்கே முதற்குரல் நீலம், இரண்டாவது பச்சை.

கேள்வி: பேஸ் குரலில் மூன்றரைத் தாளமே இருக்கிறது. உடனே குரலை மாற்றலாமா?
பதில்: கூடாது. முதலில் புள்ளியைத் தேடவேண்டும்.

கேள்வி: ஒரே சுரத்துக்கு மேலும் கீழும் இரண்டு தண்டுகள் இருந்தால்?
பதில்: இரு குரலும் அதே சுரத்தைப் பாடவேண்டும். இரண்டு கணக்கிலும் சேர்க்கவும்.

இனி எந்தத் தாளும், நாலு குரலையும் கூட்டிப் பார்த்த பிறகே பாடுவோர் கைக்கு வரும். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக் கூட்டிப் பார்த்தால் பெரிய உபகாரமாயிருக்கும்.