ஆற்று மணலும் அடுத்துள்ள வயலும்

பூமியின் அடியிலுள்ள பொருளை எடுத்துவிட்டால், அதன்மேல் நின்ற நிலம் முன்போல் நிற்பதில்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள இடங்களில் இவ்வுண்மை வெகு காலமாக அறியப்பட்டதாகும். வங்காளத்து இராணிகஞ்சிலும், இப்பொழுது ஜார்க்கண்டைச் சேர்ந்த ஜரியாவிலும் கரியை வெட்டும்பொழுது, மேற்பாறையைத் தாங்கும்பொருட்டுக் கரியிலேயே தூண்கள் விடப்படுவதுண்டு. பிற்பாடு அத்தூண்களையும் எடுத்துவிட்டால் மேற்பாறை சரியும்; மேலேயுள்ள வயலும் வீடும் வெடித்துப் பள்ளமாகும்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சேதம் வெட்டிய அன்றே தோன்றாமல் பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். இரண்டாவது, சேதமடையும் பரப்பு கரி எடுத்த பரப்பினும் விரிந்திருக்கும். இதனைத் தடுக்க, ஆற்று மணலை நீருடன் கலந்து சுரங்கத்தின் வெற்றிடங்களில் நிரப்பும் முறை கையாளப்பட்டது. அதன்பொருட்டு 1939ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. தாமோதர நதியின் மணல் அங்கே நிலத்தைத் தாங்கும் பொருளாயிற்று.

திருநெல்வேலிச் சீமையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆயினும், தாமிரபரணியில் நிலத்தைத் தாங்கிநிற்கும் மணலையே வெட்டியெடுத்தமையால், மேற்கூறிய இரண்டு விதிகளும் இங்கும் பொருந்துவனவாயின.

மணலின் உபயோகம்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலை அடையும் இந்நதி, நீரோடு நிலத்தையும் கொணர்ந்தது. பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலினின்றும் சில மைல் உள்ளே வயல்களின் நடுவே இருப்பதற்கு, ஆறு கொணர்ந்து சேர்த்த மண் ஒரு முக்கிய காரணமாகும். இவ்வளவு மணல் சேர்வதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன. மலையில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் எழுந்தபின் மேலிருந்து வரும் மணலில் ஒரு பகுதி அவற்றிலேயே தங்கிவிடுகின்றது. ஆகையால் ஆற்றிலுள்ள மணல் முன்னோர் சேர்த்த மூலதனம் போன்றது. ஆண்டுதோறும் விளையும் மகசூல் அன்று.

மணல் நீரைத் தன்னுள் வைத்திருந்து மெல்லக் கொடுக்கும் இயல்புடையது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் மணல் எடுத்தால், எடுத்த அளவு 10,000 கன மீட்டராகும். அதில் கால் பங்கு இடத்தில் வடியக்கூடிய நீர் இருப்பதாகக் கொண்டால், 2,500 கன மீட்டர், அஃதாவது 25 லட்சம் லிட்டர் நீர் தங்கும் இடம் போய்விட்டது. இந்நீர் ஒரு ஹெக்டேர் நெல் வயலுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் ஐந்து முறை பாய்ச்சப் போதுமானது. லாரியில் ஏறிச் செல்லும் மணலோடு இத்தனை பாய்ச்சலும் சேர்ந்தே செல்கின்றது.

சேதம் பரவும் விதம்

1. மேல்நோக்கி: ஆற்றில் ஆழமான குழி ஏற்பட்டால், வெள்ளம் குழியின் மேல்விளிம்பில் வேகமாக விழுந்து அதனை அரிக்கும். அரிப்பு நாளடைவில் மேற்புறமாக ஏறிச்செல்லும். குழி ஓர் ஊரில் இருக்க, ஆறு தாழ்வது மேலூரிலும் நிகழும்.

2. கீழ்நோக்கி: வரும் மணல் குழியில் தங்கிவிடுவதால், அதனைக் கடந்து செல்லும் நீர் மணலற்றதாகிக் கீழேயுள்ள கரைகளை அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்ளும்.

3. பக்கவாட்டில்: ஆற்றின் தளம் தாழ்ந்தால் கரை செங்குத்தாகும், அடிப்பிடிப்பற்ற கரை வெள்ளம் வடியும்பொழுது பாளம்பாளமாகச் சரியும். தென்னையும் வாழையும் நின்ற பட்டா நிலம் இவ்விதமே ஆற்றோடு போகின்றது. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் ஆற்றைத் தொடர்ந்து இறங்கும்.

4. கடலோரத்தில்: முகத்துவாரத்தை அடுத்த பகுதியில் ஆற்றுத்தளம் தாழ்ந்தால், உப்புநீர் முன்னிலும் உள்ளே ஏறிவருவதற்கு வழியுண்டாகும்.

அணைக்கட்டுகளின் நிலை

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய எட்டு அணைக்கட்டுகளாலேயே கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் முதலியன நீர் பெறுகின்றன. கார், பிசானம் என்னும் இரு போக நெல்லும் இவற்றையே நம்பியது. அணைக்குக் கீழே மணல் தாழ்ந்தால், வழிந்து விழும் நீரின் வேகம் அதிகரித்து அடித்தளத்தைத் தோண்டும். அணைக்கட்டு ஒன்று பழுதுற்றால், நஷ்டம் ஒரு குடியானவருக்கன்று. அக்காலின் தலைமடை முதல் கடைமடை வரை அனைவருக்குமாகும்.

சட்டமும் அதன் விலையும்

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவரான இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010ஆம் ஆண்டு டிசம்பரில், தாமிரபரணியில் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளுதலைத் தடைசெய்தது. தடையால் குவாரிகள் நின்றபோதிலும் திருட்டு முற்றும் நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆற்றைக் காக்கும் வேலை ஓர் உத்தியோகஸ்தரின் தோள்மீது மாத்திரம் விடத்தக்கதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

வாரம் ஒருமுறை, காலையில் பம்பு ஓடுமுன், கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையிலுள்ள ஆழத்தைக் கயிற்றால் அளந்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வைத்தல் வேண்டும்.

கரையிலிருந்து பத்து மீட்டர் உள்ளே தம் நிலத்தில் ஒரு கல் நட்டு, ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் கல்லுக்கும் கரைவிளிம்புக்கும் உள்ள தூரத்தை அளத்தல் நலம். புகார் செய்யும்பொழுது இக்கணக்கு வாய்வார்த்தையினும் வலிமையுடையதாகும்.

கரைவிளிம்பு வரை உழுதல் கூடாது. நாணலையும் கோரையையும் வேரோடு களையாமல் விட்டு, இடைவெளிகளில் வெட்டிவேர் நடலாம்.

படுகையிலுள்ள பட்டா நிலத்தில் சவுடு எடுக்க முன்பணம் தருவோர் வரின், அடுத்த நிலத்தாரைக் கேளாமல் இசைதல் ஆகாது. பெற்ற பணம் ஓராண்டில் செலவாகும். குழியோ பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். அண்டை நிலத்தின் கரையும் அதனுள் சரியும்.

இரவில் மணல் வண்டியைத் தனியே மறித்தல் அபாயமானது. பாசன சங்கத்தார் பலர் ஒன்றுகூடி, அளவுக் குறிப்புகளுடன் தாசில்தாருக்கும் நீர்வளத் துறையாருக்கும் எழுத்துமூலம் தெரிவிப்பதே தக்கது.

சுரங்கத்தால் தாழ்ந்த நிலத்தை மீண்டும் உயர்த்துதல் எளிதன்று. தாமிரபரணியிலோ எஞ்சிய மணலைக் காத்தால், வெள்ளந்தோறும் சிறிது சிறிதாகவேனும் குழிகள் தூரும். அதற்கு வேண்டுவது காலமும், அதுவரையில் மேலும் தோண்டாதிருத்தலுமேயாம்.