சம்பள உச்சவரம்பும் சமநிலை ஆட்டமும்

முன்னுரை

வெற்றி யாருக்கு என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஆட்டத்தில் சுவை இராது. பள்ளியில் இல்லங்களுக்கிடையே போட்டி நடக்கும்போது, நன்றாக ஆடுபவர்கள் அனைவரும் ஒரே இல்லத்தில் சேர்ந்துவிட்டால் பார்ப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால்தான் ஆட்டத் திறன் உள்ளவர்களை எல்லா இல்லங்களுக்கும் பிரித்து வைக்கிறோம். ஆனால் பணத்துக்காக ஆடும் தொழில்முறை விளையாட்டில் பிரித்து வைப்பவர் யார்? செல்வம் மிகுந்த அணி நல்ல வீரர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளாதா?

இக்கேள்விக்கு விடை காண அமெரிக்கா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறது. அங்குள்ள தேசியக் கூடைப்பந்துக் கழகம் (என்.பி.ஏ.) அணிகளின் சம்பளச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துள்ளது. நில உச்சவரம்பு என்ற சொல்லை நம் பெற்றோர் நன்கு அறிவர். இது சம்பள உச்சவரம்பு. இந்த வரம்பு அணிகளைச் சமமாக்கியதா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கூடைப்பந்தும் கழகமும்

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காகப் பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொழில்முறைக் கழகம் 1946இல் பிறந்தது. முதல் ஆட்டப் பருவத்தில் ஓர் அணி வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து 55,000 டாலர் என்று வரம்பு இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. 1949இல் கழகம் என்.பி.ஏ. என்று பெயர் பெற்றது. இன்று அதில் 30 அணிகள் ஆடுகின்றன.

அக்காலத்தில் ஒரு வீரர் ஓர் அணியில் சேர்ந்துவிட்டால், அந்த அணி விட்டாலொழிய அவரால் வேறு அணிக்குப் போக முடியாது. ஆகவே ஒருமுறை நல்ல வீரர்களைச் சேர்த்துக்கொண்ட அணி நெடுங்காலம் ஆண்டது. பில் ரஸ்ஸல் ஆடிய பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, 1957 முதல் 1969 வரையிலான 13 ஆண்டுகளில் 11 முறை வாகை சூடியது. வீரர்களைக் கட்டிப் போட்டதால் அணிகள் சமமாகிவிடவில்லை என்பதை இங்கே நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

1970இல் வீரர் சங்கத் தலைவர் ஆஸ்கார் ராபர்ட்சன் இம்முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணியை நாடும் உரிமை படிப்படியாக வந்தது. உரிமை வந்ததும் சம்பளமும் உயர்ந்தது. சில அணிகள் நட்டத்தில் தள்ளாடின.

உச்சவரம்பு வந்த விதம்

1983இல் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். கழகத்தின் வருமானத்தில் 53 விழுக்காடு வீரர்களுக்கு என உறுதி அளிக்கப்பட்டது. அதற்கு ஈடாக, அணிகளின் சம்பளச் செலவுக்கு வரம்பு வைக்க வீரர்கள் இசைந்தனர். 1984-85 பருவத்தில் அது ஓர் அணிக்கு 36 இலட்சம் டாலர். வருமானம் பெருகப் பெருக வரம்பும் உயர்ந்தது. 2025-26 பருவத்தில் அது ஏறத்தாழ 15 கோடியே 46 இலட்சம் டாலர்.

ஆனால் இந்த வேலியில் ஒரு வாயில் வைத்தார்கள். தன்னிடம் ஏற்கெனவே சில ஆண்டுகள் ஆடிய வீரரை மீண்டும் ஒப்பந்தம் செய்ய, ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் வீரர் லாரி பேர்டின் பெயரால் இது 'பேர்ட் விலக்கு' எனப்படுகிறது. இந்த வாயில் எவ்வளவு அகலமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1997-98 பருவத்தில் ஓர் அணிக்கே வரம்பு 2 கோடியே 69 இலட்சம் டாலர். சிகாகோ புல்ஸ் அணி மைக்கேல் ஜோர்டன் ஒருவருக்கு மட்டும் கொடுத்தது 3 கோடியே 31 இலட்சம் டாலர்!

கணக்குப் பார்ப்போம்

வரம்பு வருவதற்கு முன், 1970 முதல் 1979 வரையிலான பத்து ஆண்டுகளில் 8 வெவ்வேறு அணிகள் வாகை சூடின. வரம்பு வந்தபின், 1985 முதல் 2018 வரையிலான 34 ஆண்டுகளில் வாகை சூடியவை 10 அணிகளே. அவற்றிலும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 8 முறை, சிகாகோ புல்ஸ் 6 முறை, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 5 முறை வென்றன. 34இல் 19 கோப்பைகள் மூன்றே அணிகளிடம் போயின.

வரம்பு சமநிலையைக் கெடுத்தது என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாமா? கூடாது. 1976 வரை வேறொரு போட்டிக் கழகமும் இருந்ததால் வீரர்கள் இரண்டு கழகங்களிலும் சிதறி இருந்தனர். ஆயினும், வரம்பு ஒன்றே சமநிலையைக் கொண்டுவந்துவிடாது என்பது மட்டும் உறுதி.

ஐவர் ஆட்டத்தின் இயல்பு

இதற்கு முதல் காரணம் ஆட்டத்திலேயே உள்ளது. கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். கூடைப்பந்தில் ஐவரே. 48 நிமிட ஆட்டத்தில் சிறந்த வீரர் ஏறக்குறைய 40 நிமிடம் ஆட முடியும். பந்தைத் தாக்குவதும் அவரே, தடுப்பதும் அவரே. எனவே ஒரே ஒருவர் அணியின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறார்.

சான் அன்டோனியோ நகரைப் பாருங்கள். 1996-97 பருவத்தில் அந்த அணி 82 ஆட்டங்களில் 20 மட்டுமே வென்றது. பின்தங்கிய அணிகளுக்குப் புதிய வீரரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை தரும் குலுக்கலில் அதற்கு முதலிடம் கிடைத்தது. டிம் டங்கன் வந்தார். 1999 முதல் 2014 வரை அந்த அணி ஐந்து கோப்பைகளை வென்றது. அவர்களை உயர்த்தியதில் உச்சவரம்பை விட ஒரு குலுக்கலுக்கே பங்கு அதிகம்.

தனி ஆளுக்கும் வரம்பு

1998-99இல் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே பிணக்கு மூண்டு, அப்பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதன் முடிவில், தனி வீரர் ஒருவர் பெறும் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. பார்ப்பதற்கு இது நியாயமான விதி. ஆனால் விளைவு வேறு.

சந்தையில் எந்த மாம்பழத்தையும் பத்து ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று சட்டம் வந்தால் என்ன ஆகும்? மிக இனிப்பான பழம் மலிவாகிவிடும். எல்லோரும் தருவது அதே பத்து ரூபாய் என்பதால், அது யாரிடம் போகும் என்பதை வேறு காரணங்கள் முடிவு செய்யும். கூடைப்பந்திலும் அதுவே நடந்தது. எங்கு சென்றாலும் ஏறத்தாழ ஒரே சம்பளம் என்றானபின், சிறந்த வீரர்கள் நல்ல நகரத்தையும் நல்ல தோழர்களையும் தேடினார்கள். 2010இல் லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் பாஷ் இருவரும் மயாமி சென்று டுவேன் வேடுடன் சேர்ந்தனர். அந்த அணி 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு இறுதிப் போட்டிகளில் ஆடி, 2012இலும் 2013இலும் வென்றது.

ஒரே ஆண்டில் உயர்ந்த வரம்பு

புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் தந்ததால், 2016இல் வரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 41 இலட்சத்துக்கு ஒரே தாவலாகத் தாவியது. சிறிது சிறிதாக உயர்த்தலாம் என்று கழகம் சொன்னதை வீரர் சங்கம் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கும் அந்த ஆண்டு இடம் கிடைத்தது. அதன் பெரும் வீரர் ஸ்டீபன் கறி, 2012இல் செய்த பழைய குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் இருந்ததும் உதவியது. ஓக்லஹோமா சிட்டியின் கெவின் டுரான்ட் அங்கே போய்ச் சேர்ந்தார். வலியவர் மேலும் வலியவரானார். 2017, 2018 இரண்டு கோப்பைகளும் அவர்களுக்கே.

இரண்டாம் எல்லைக்கோடு

வரம்பை மிகவும் மீறும் அணிகளிடம் ஆடம்பர வரி வாங்கும் முறை 2002-03இலேயே நடைமுறைக்கு வந்தது. ஆனால் செல்வந்தர் வரியைக் கட்டிவிட்டுத் தம் வழியே போனார்கள். ஆகவே 2023 ஒப்பந்தத்தில் இன்னும் உயரமாக இரண்டாவது எல்லைக்கோடு ஒன்றை வகுத்தனர். இதைத் தாண்டினால் பணம் மட்டும் போகாது. வீரர்களை மாற்றிக்கொள்ளும் வழிகளும், புதியவர்களைச் சேர்க்கும் சலுகைகளும் அடைபடும்.

2019 முதல் 2025 வரை டொராண்டோ, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி என்று ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் வாகை சூடின. கழகத்தின் வரலாற்றில் இது முதல்முறை. இவற்றில் நான்கு 2023க்கு முன்பே நடந்தவை. ஆதலால் பெருமை முழுவதையும் புதிய விதிக்குக் கொடுக்க முடியாது. டென்வரின் நிகோலா யோக்கிச் 2014 தேர்வில் 41ஆவதாக எடுக்கப்பட்டவர். பிறர் கவனிக்காத திறமையைக் கண்டெடுத்த சிறு நகரம், பேர்ட் விலக்கின் துணையால் அவரைத் தக்கவைத்துக்கொண்டது. சிகாகோவை ஓங்கச் செய்த அதே வாயில், இங்கே எளிய ஊருக்குக் காவலாயிற்று!

புதிய விதிக்கு ஒரு விலையும் உண்டு. 2024இல் வென்ற பாஸ்டன், எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக 2025 கோடையில் ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பியது. உழைத்து வென்ற அணி ஒன்றாக இருக்க முடியாமல் கலைந்தது.

பெண்கள் கழகம்

மாணவிகளாகிய நாம் பெண்கள் கழகத்தை மறக்கலாகாது. 1997இல் ஆடத் தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ.யில், தொடக்க ஆண்டுகளில் எல்லா அணிகளும் கழகத்தின் உடைமையே. சம்பளமும் கழகத்தின் கையிலேயே இருந்தது. அப்படியும் முதல் நான்கு கோப்பைகளையும் ஹூஸ்டன் காமட்ஸ் ஒன்றே வென்றது. சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டினா தாம்சன் மூவரும் ஓரணியில் இருந்ததே காரணம். 2024இல் அரங்குகளை நிரப்பிய புதிய வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கின் அவ்வாண்டுச் சம்பளம் 76,535 டாலர். வரம்பு யாருடைய உழைப்பின் மீது விழுகிறது என்பதை இவ்வெண் நமக்கு உணர்த்துகிறது.

முடிவுரை

செலவைச் சமமாக்கினால் திறமை சமமாகிவிடாது. வரம்பு, விலக்கு, குலுக்கல், வரி ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஆட்டத்தை அமைக்கின்றன. ஒன்றை அசைத்தால் மற்றொன்று ஆடுகிறது. மேலும், சமநிலைக்காக வைக்கும் ஒவ்வொரு வரம்பும் யாரோ ஒருவருடைய கூலியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே அதை உரிமையாளர்கள் மட்டும் விதிப்பது முறையன்று. 1983இல் போல, ஆடுபவரும் உடன் அமர்ந்து, தமக்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டு இசைவதே நியாயம். ஊர்களுக்கிடையே நீதி வேண்டும். உழைப்பவருக்கும் நீதி வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முயலும் விதியே நல்ல விதி என்பது எம் துணிபு.