நட்சத்திரம் கட்டியாயிற்று, அடுத்து? ஆகுர்டித் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் பிறந்ததும் ஆகுர்டியில் நம் வீட்டு பால்கனிகளில் நட்சத்திரம் ஏறிவிடும். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு மராட்டியக் காகூ, "நாதாள் வந்துடுச்சா?" என்று விசாரிப்பார். கம்பெனியில் கூட வேலை செய்பவர், "உங்க பண்டிகைக்கு என்ன விசேஷம்?" என்பார். வருடம் முழுக்க நம் விசுவாசத்தைப் பற்றி யாரும் வாய் திறக்காத ஊரில், இந்த ஒரு மாதம் மற்றவர்களாகவே கேட்கிறார்கள். நாமோ கேக்கை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம், மராட்டி சரியாக வராதே என்ற கூச்சம். தெரிந்த ஒருவரிடம், அவருடைய மொழியில், கதையாக, பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் சொன்னால் இந்தப் பயத்துக்கும் கூச்சத்துக்கும் பெரும்பாலும் இடமிருக்காது.

முதலில் பெயர்களை எழுதுங்கள்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு தாளில் மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். மூன்று போதும். ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பவர், காய்கறி வாங்கக் கூடவே வருபவர், ஸ்டேஷன் பக்கத்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும், ஊருக்கு டிக்கெட் கிடைக்காத தமிழ்ப் பையன் என்று ஏற்கெனவே பழகியவர்களாக இருக்கட்டும். தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள். அவர்கள் வீட்டு நோய், பிள்ளையின் பரீட்சை, வேலைக் கவலை எல்லாம் அந்த ஜெபத்தில் வரட்டும். இரண்டு வாரம் இப்படி ஜெபித்த பிறகு அவரைப் பார்த்தால், உங்கள் விசாரிப்பிலேயே வித்தியாசம் தெரியும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பிறகு யாரிடமோ எதையோ ஒப்பித்துவிட்டு வருகிறார்கள்.

கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள்

லூக்கா 2ஆம் அதிகாரம், முதல் 20 வசனங்கள். அவ்வளவுதான் பாடம். ரோம அரசன் குடிமதிப்பு எடுக்கச் சொன்னது, நிறைமாதக் கர்ப்பிணி பெத்லகேமுக்குப் போனது, தங்க இடம் கிடைக்காதது, பிள்ளையை மாட்டுத்தொட்டியில் கிடத்தியது, இரவில் வயலில் கிடந்த மேய்ப்பருக்குச் செய்தி வந்தது. இதை மராட்டியிலோ இந்தியிலோ சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பள்ளியில் மராட்டி படிக்கும் உங்கள் பிள்ளையே திருத்துவான். சத்திரத்துக்கு 'தர்மசாலா', மாட்டுத்தொட்டிக்கு 'கவ்ஹாண்' என்று சொன்னால் கிராமத்திலிருந்து வந்து குடியேறிய எவருக்கும் காட்சி கண்முன் வந்துவிடும்.

மேய்ப்பரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவசரப்படாதீர்கள். தீபாவளிக்குப் பிறகு ஆட்டுமந்தையோடும் சுமைக் குதிரைகளோடும் கொங்கண் பக்கம் இறங்கிப் போகும் தனகர்களை இந்தப் பகுதியில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் மந்தையைக் கிடை போட்டுவிட்டு, பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கும் மனிதர்கள். "அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் கடவுள் முதலில் சொல்லி அனுப்பினார், அரண்மனைக்கு அல்ல" என்று சொல்லுங்கள். மூன்றாம் ஷிஃப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அதன் பிறகு, "இது எனக்கு ஏன் முக்கியம்" என்பதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து நான்கைந்து வாக்கியம். போதகர் பிரசங்கத்தில் சொன்னதை அல்ல, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். மன்னிக்கவே முடியாது என்று நினைத்த அண்ணனோடு மறுபடி பேசியதாக இருக்கலாம், வேலை போன மாதத்தில் யார் தாங்கினார் என்பதாக இருக்கலாம்.

தட்டு

தீபாவளிக்கு நம் வீட்டுக்கு ஃபராள் தட்டு வந்திருக்கும். சக்லி, கரஞ்சி, சிவ்டா. கிறிஸ்துமஸுக்கு நாம் தட்டு அனுப்பும்போது அந்த வீட்டை நினைத்து அனுப்ப வேண்டும். மார்கசீர்ஷ மாதம் பல மராட்டிய வீடுகளில் அசைவம் சேராது. பெண்கள் வியாழக்கிழமைகளில் மகாலட்சுமி விரதம் இருப்பார்கள். சில வருடம் அந்த மாதம் கிறிஸ்துமஸைத் தாண்டியும் நீளும். ஜைன வீடுகளுக்கு முட்டை அறவே ஆகாது. ஆகவே அவர்களுக்கு முட்டை கலக்காத கேக், அல்லது நம் முந்திரிக்கொத்து, அதிரசம். அச்சுமுறுக்கிலும் முட்டை சேர்ப்பவர்கள் கவனியுங்கள். கொடுக்கும்போதே "இதில் முட்டை இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்க அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். தட்டுக்கு அடியில் கைப்பிரதியைச் செருகி அனுப்பாதீர்கள். பலகாரம் பலகாரமாகவே போகட்டும். பேச வேண்டியதை நேரில் பேசுங்கள்.

கீதபவனி

நம் கேரல் ரவுண்ட்ஸ் பெரும்பாலும் விசுவாசி வீடு விட்டு விசுவாசி வீடு போய், நமக்கு நாமே பாடிவிட்டுத் திரும்புவதுதான். இதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எந்த வீட்டுக்குப் பவனி வருகிறதோ அந்த வீட்டுக்காரர் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று குடும்பங்களை முன்கூட்டியே டீக்கு அழைக்கட்டும். சொசைட்டி செயலாளரிடம் ஒரு வாரம் முன்பே நேரத்தைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், கிடாரும் கஞ்சிராவும் தாராளம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது, ஆனால் அதற்கு முன்பே, ஒன்பதுக்கெல்லாம் முடித்துவிடுவது மரியாதை. இரண்டு தமிழ்ப் பாட்டு, ஒரு மராட்டிப் பாட்டு, லூக்கா கதை, ஒரு சின்ன ஜெபம்.

மராட்டிப் பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். நாராயண் வாமன் திலக் (1861–1919) எழுதிய கீர்த்தனைகளை மராட்டிச் சபைகள் இன்றும் பாடுகின்றன. நமக்கு வேதநாயக சாஸ்திரியார் எப்படியோ அவர்களுக்குத் திலக் அப்படி. ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் உச்சரிப்பு முன்பின் இருந்தாலும், அவர்கள் மொழியில் பாட முயன்றதை அக்கம்பக்கத்தார் மறக்க மாட்டார்கள்.

திலக் விசுவாசத்துக்கு வந்த கதையையும் சபை வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1893இல் நாக்பூரிலிருந்து ராஜ்நந்த்காவ் போகும் ரயிலில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் அவரோடு கவிதை, இலக்கியம் என்று பேசிக்கொண்டே வந்தார். பிறகுதான் கிறிஸ்துவைப் பற்றிப் பேச்சு வந்தது. இறங்கும்போது ஒரு புதிய ஏற்பாட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். திலக் படித்தார், 1895இல் ஞானஸ்நானம் பெற்றார். அந்தப் புத்தகம் கைக்கு வரும் முன் ஒரு மனிதரோடு நல்ல பேச்சு நடந்திருந்தது. லோணாவளா லோக்கலில் சீட்டு சீட்டாகக் கைப்பிரதியை வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. தேஹூவிலிருந்து புறப்படும் துக்காராம் மகாராஜ் பல்லக்கு, ஆஷாட வாரியில் ஆகுர்டி விட்டல் கோயிலில் ஓர் இரவு தங்குகிறது. துக்காராமின் பாடல்களே தம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து சேர்த்தன என்று சொன்னவர் திலக். ஆகவே இந்த ஊரில் பிறருடைய பக்தியை மட்டம் தட்டிப் பேசுவது பாவம் மட்டுமல்ல, அறியாமையும்கூட. கேளுங்கள். அவர்கள் வாரி நடந்த அனுபவத்தைச் சொல்லட்டும். பிறகு உங்கள் முறை வரும்.

எல்லைக்கோடு

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்குக்கு உட்பட்டு. பரப்பும் உரிமை என்பது நம் நம்பிக்கையை எடுத்துச் சொல்வதற்கே, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் இல்லாவிட்டாலும் சுவிசேஷமே நம்மை அங்கேதான் நிறுத்தும். பணம், பள்ளிக் கட்டணம், வேலை, சுகம் கிடைக்கும் என்ற வாக்கு எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ஏழை வீட்டுக்குக் கம்பளி கொடுத்தால் கொடுத்துவிட்டு வாருங்கள், அன்று பிரசங்கம் வேண்டாம். பெற்றோர் அறியாமல் அவர்கள் பிள்ளைகளிடம் எதையும் பேசாதீர்கள். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அத்தோடு விட்டு, மறுநாளும் அதே முகத்தோடு "சா குடிக்க வாங்க" என்று கூப்பிடுங்கள்.

டிசம்பர் 26க்குப் பிறகு

ஆர்வத்தோடு கேட்டவரை 31ஆம் தேதி இரவு ஆராதனைக்கு அழைக்கலாம். கூடவே உட்கார்ந்து, நடப்பதை மெதுவாக விளக்குங்கள். வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது திகைத்து நிற்கவிடாதீர்கள். அவராகக் கேட்டால் மராட்டி லூக்கா சுவிசேஷம் ஒன்று கொடுங்கள். ஜனவரி நடுவில் சங்கராந்திக்கு அவர்கள் திள்குள் கொண்டுவருவார்கள். வாசலிலேயே வாங்கி அனுப்பாமல் உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். படித்ததைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால் தொடருங்கள்.

தொடர்ந்து கற்றுக்கொள்ள விரும்பினால் அவரை நம் தமிழ்ச் சபையில் சேர்க்கத் துடிக்க வேண்டாம். பாதி புரியாத பாஷையில் ஒருவர் எத்தனை ஞாயிறு உட்கார முடியும்? பிம்ப்ரி சிஞ்ச்வட்டில் மராட்டி ஆராதனை நடத்தும் சபைகள் இருக்கின்றன. உங்கள் போதகரைக் கேட்டு, அந்தச் சபைகளில் ஒன்றின் போதகரை அறிமுகப்படுத்துங்கள். முதல் ஞாயிறு நீங்களும் அவரோடு அந்தச் சபைக்குப் போய் வாருங்கள்.