ஆன்லைன் ஏலத்தில் போலி ஏலதாரர்கள்: கண்டுபிடிப்பது எப்படி? தப்பிப்பது எப்படி?

கோவில்பதாகையில் ஒரு வீட்டில் ஏலச்சீட்டு நடக்கிறது என்றால், யார் எவ்வளவு தள்ளிக் கேட்கிறார் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியும், வீடும் தெரியும். இன்டர்நெட் ஏலத்தில் அப்படி இல்லை. உங்களுக்கு எதிராக விலையை ஏற்றுபவர் வெறும் ஒரு யூசர் நேம்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் பொருளை விற்பவரே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

விற்பவரோ, அவருடைய நண்பரோ, உறவினரோ வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கு "ஷில் பிட்டிங்" என்று பெயர். தமிழில் போலி ஏலம் எனலாம். இதை எப்படிச் செய்கிறார்கள், எப்படித் தப்பிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எட்டு டாலர் ஓவியம்

இந்த மோசடியில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட வழக்கு 2000-ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞர், பழைய பொருள் கடையில் 8 டாலருக்கு வாங்கிய ஓவியத்தை ஈபே தளத்தில் ஏலத்துக்கு விட்டார். ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற பிரபல ஓவியர் வரைந்ததோ என்று பார்ப்பவர் நினைக்கும்படி அதை அமைத்திருந்தார். 25 சென்ட்டில் தொடங்கிய ஏலம் 1,35,805 டாலருக்குப் போனது. பிறகு அவரே வேறொரு யூசர் நேமில் தன் பொருளுக்கு ஏலம் கேட்டிருப்பது தெரியவந்து, ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. விசாரணையில், அவரும் கூட்டாளிகளும் 40-க்கும் மேற்பட்ட யூசர் நேம்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏலங்களில் விலையை ஏற்றியது வெளியானது. 2001-இல் வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்தியாவில் இந்த வகை ஏலத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 2000-இல் தொடங்கிய பாஸி டாட் காம். 2004-இல் ஈபே அதை வாங்கியது. 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. இருந்தாலும் பழைய நாணயம், தபால்தலை, கேமரா சேகரிப்பவர்கள் வெளிநாட்டுத் தளங்களில் ஏலம் கேட்கிறார்கள். வங்கிகள் கைப்பற்றிய வீடுகளும் வாகனங்களும் மின்-ஏலத்தில் விற்கப்படுகின்றன.

போலி ஏலம் எப்படி வேலை செய்கிறது?

ஈபே போன்ற தளங்களில் நீங்கள் தருவது உங்கள் உச்ச விலை. உங்கள் சார்பில் கம்ப்யூட்டரே தேவையான அளவு மட்டும் விலையை ஏற்றும். ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பழைய கேமராவுக்கு உங்கள் உச்ச விலை 5,000 ரூபாய். அடுத்தவர் தந்தது 2,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் ஏறும் தொகை 100 ரூபாய் என்றால், கேமரா உங்களுக்கு 2,100 ரூபாய்க்குக் கிடைக்கும்.

இப்போது விற்பவர் இன்னொரு யூசர் நேமில் நுழைகிறார். 2,500 கேட்கிறார். நீங்கள்தான் இன்னும் முதலிடம். 3,000 கேட்கிறார். பிறகு 3,500, 4,000 என்று தட்டித் தட்டிப் பார்த்து 4,800-இல் நிறுத்திவிடுகிறார். நீங்கள் ஜெயிக்கிறீர்கள், 4,900 ரூபாய்க்கு! உண்மையான போட்டி 2,000 ரூபாய்தான். 2,800 ரூபாய் வீணாகப் போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏலத்தில் வென்ற சந்தோஷம்தான் இருக்கும்.

கைதவறி அவர் 5,100 கேட்டுவிட்டால்? ஏலம் அவருக்கே முடியும். சில நாளில் உங்களுக்கு மெயில் வரும்: "வென்றவர் பின்வாங்கிவிட்டார். உங்கள் 5,000 ரூபாய்க்கே தருகிறேன்." நிஜமாகவே பின்வாங்குபவர்களும் உண்டு. ஆனாலும் அந்த ஏலதாரரை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். நியாயமான விலை 2,100-தான். அந்த விலைக்குக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஏலப் பக்கத்தில் "பிட் ஹிஸ்டரி" என்ற பகுதியைக் கிளிக் செய்தால் யார், எப்போது, எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியல் வரும். யூசர் நேமின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கலாம். அப்படியும் கீழே உள்ளவற்றைப் பார்க்கலாம்.

1. ஃபீட்பேக் எண்ணிக்கை பூஜ்யமோ, ஒன்றோ இரண்டோ உள்ள ஐடி, ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது.

2. அந்த ஐடி பல ஏலங்களில் கலந்துகொண்டும் எதிலும் ஜெயிக்காமல் இருப்பது.

3. சில நிமிடங்களுக்குள் சின்னச் சின்னத் தொகையாக ஏற்றி, முதலிடம் பிடிப்பதற்குச் சற்று முன்பே நின்றுவிடுவது.

4. மிகப் பெரிய தொகை கேட்டு உங்கள் உச்ச விலையைத் தெரிந்துகொண்டு, உடனே அதை வாபஸ் வாங்குவது. பிறகு வேறொரு ஐடி சரியாக அந்த விலையை ஒட்டி நிற்பது.

5. ஏலத்தில் விற்றுப்போன அதே பொருள், அதே படத்துடன் அடுத்த வாரம் மறுபடி வருவது.

இதில் ஒரே ஒரு அடையாளத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. முதல் முறை ஏலம் கேட்பவரும் நூறு நூறாகத்தான் ஏற்றுவார். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வந்தால் விலகிக்கொள்வதே நல்லது.

தப்பிக்கும் வழிகள்

ஏலத்தில் நுழையும் முன்பே அதே பொருள் முன்பு என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். உங்கள் உச்ச விலையை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏற்றாதீர்கள். போலி ஏலதாரரின் பலமே உங்கள் வேகம்தான்.

முதல் நாளே உச்ச விலையைப் பதிந்தால், அதைத் தட்டிப் பார்க்க அவருக்கு நாள் கணக்கில் நேரம் கிடைக்கும். முடியும் நேரம் மாறாத ஏலத்தில் கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு முறை கேளுங்கள். கடைசியில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும் ஏலங்களில் இந்த வழி பலிக்காது. அங்கே பேப்பரில் எழுதிய விலைதான் காவல்.

வங்கி மின்-ஏலத்தில் நிலைமை சற்று வேறு. ஆவடி, கோவில்பதாகைப் பக்கம் ஒரு வீட்டை சர்ஃபேசி சட்டப்படி வங்கி ஏலம் விட்டால், கலந்துகொள்ளவே முன்பணம் கட்ட வேண்டும். வென்றவர் அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் விலையில் 25 சதவீதம் (முன்பணத்தையும் சேர்த்து) கட்ட வேண்டும். மீதியைக் கட்டத் தவறினால் கட்டிய பணம் போய்விடும். பொய்யாகக் கேட்பவருக்கும் நஷ்டம் வரும் என்பதால் விளையாட்டு குறைகிறது. எனவே எந்த ஏலமானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பொய்யாக ஏலம் கேட்டால் கேட்பவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை என்றால் அங்கே இரட்டிப்பு கவனம் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏலம் கேட்கும் உரிமை தனக்கும் உண்டு என்று விற்பவர் முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், அவரோ அவருடைய ஆளோ ஏலம் கேட்கக் கூடாது. பொய் ஏலத்தால் விலை ஏற்றப்பட்டிருந்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். இது பொருள்களுக்கான சட்டம். வீடு, மனைக்குப் பொருந்தாது.

சந்தேகம் வந்தால் முதலில் பிட் ஹிஸ்டரி பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். வாங்கிய பொருள் பற்றிய குறைகளுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சட்டத்தின் ஆண்டும் உதவி எண்ணும் ஒன்றே என்பதால் மறக்காது. கோவில்பதாகை வாசகர்கள் 2022-இல் தொடங்கப்பட்ட ஆவடி காவல் ஆணையரகத்திலும் புகார் தரலாம்.

அடுத்த முறை "ஏலத்தில் வென்றுவிட்டீர்கள்" என்று மெயில் வந்தால், பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் பிட் ஹிஸ்டரியைப் படியுங்கள். யாரை வென்றீர்கள் என்று அதில் தெரிந்துவிடும்.