மடி மட்டும் போதாது: விசேட தேவையுடைய பிள்ளைக்கு வாகன ஆசனம் தெரிவு செய்தல்



கிளினிக் நாளொன்றை எண்ணிப் பாருங்கள். மத்திய முகாம் பக்கத்திலிருந்து ஓர் உம்மா ஆறு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு கல்முனைக்கு வருகிறார். பெருமூளை வாதத்தால் பிள்ளையின் கழுத்து நிற்பதில்லை. கால்கள் விறைத்து நீள்கின்றன. ஒரு கை தலையைப் பிடிக்கிறது, மறு கை இடுப்பைப் பிடிக்கிறது. இடம்பெயர்ந்தபோது கட்டில், கதிரை எல்லாவற்றையும் விட்டு வந்த குடும்பத்துக்கு மடியே ஆசனமாயிற்று. ஆனால் பிள்ளை இப்போது 15 கிலோ.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வான் எதிலாவது மோதி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அந்தப் பிள்ளை ஏறத்தாழ 300 கிலோ பாரம்போல் முன்னே இழுபடும். எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க முடியாது. இது தாயின் குறையல்ல. ஆகவே ஆசனம் தேவை. அதைப் பிள்ளையின் வயதைப் பார்த்தல்ல, உடலைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

1. முதலில் வாகனத்தைப் பாருங்கள்

குழந்தை ஆசனத்தை வாகனத்தின் ஆசனப் பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டி இல்லாத முச்சக்கர வண்டியில் அதைப் பொருத்த முடியாது. கட்டாத ஆசனம் பிள்ளையோடு சேர்ந்து தூக்கி எறியப்படும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இத்தகைய பயணத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பின்னாசனத்தில் பட்டியுள்ள வானைப் பேசிக்கொள்வது நல்லது.

2. பிள்ளையை அளந்து பாருங்கள்

நிறை, உயரம், கழுத்தின் பலம், இடுப்பின் நிலை ஆகிய நான்கையும் இயன்மருத்துவரிடம் கேட்டறியுங்கள். கழுத்து நிற்காத பிள்ளைக்கு, ஆசனத்தில் குறித்த நிறை, உயர எல்லை வரை, பின்னோக்கிய ஆசனமே பாதுகாப்பு. அதைக் காற்றுப்பை உள்ள முன்னாசனத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளையாயினும் தானாக நிமிர்ந்து இருக்க முடியாவிட்டால், வெறும் உயர்த்தி ஆசனம் உதவாது. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடங்களில் பிடிக்கும் வார் வேண்டும்.

3. சரியாக இருத்துங்கள்

முதலில் இடுப்பை ஆசனத்தின் பின்பக்கம் முட்ட வையுங்கள். இடுப்பு நின்றால் உடம்பும் நிற்கும். தோள் வாரை விரல்களால் கிள்ளி மடிக்க முடியாதபடி இறுக்குங்கள். தலை சரிந்தால் சுருட்டிய துவாயைத் தலையின் இரு பக்கமும் வைக்கலாம். முதுகுக்குப் பின்னாலோ வாருக்கு அடியிலோ தலையணை வைக்காதீர்கள். மோதலில் அது நசுங்க, வார் தளர்ந்துவிடும்.

4. பழைய ஆசனம் வாங்கும்போது

விபத்தில் அகப்பட்டதா, வெடிப்பு உண்டா, வார் நைந்ததா என்று பாருங்கள். ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 44 அல்லது 129 என்ற செம்மஞ்சள் முத்திரை இருப்பது நல்லது. வரலாறு தெரியாத ஆசனம் மலிவானாலும் வேண்டாம்.

5. வீட்டு ஆசனம் வேறு

சிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் பழைய காகிதத்தையும் அட்டையையும் மாப்பசையால் ஒட்டிக் கதிரை செய்யும் முறையைப் பரப்பினார். பிள்ளை சாப்பிடவும் விளையாடவும் நாமும் அப்படிச் செய்யலாம். ஆனால் அதை வாகனத்தில் பயன்படுத்தக் கூடாது. சக்கர நாற்காலியையும் கயிற்றால் கட்டி அதில் பிள்ளையை இருத்தாதீர்கள். பிள்ளையை வாகன ஆசனத்துக்கு மாற்றி, நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டுங்கள்.

விலையை நினைத்து மனம் தளர வேண்டாம். ஒரு கிராமத்தின் மாதர் சங்கம் ஓர் ஆசனத்தை வாங்கி, வெவ்வேறு நாட்களில் கிளினிக் செல்லும் பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் வாரைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உதவி கேளுங்கள். அது பிச்சையல்ல. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு.

கூடிப் பேசுவோம்

1. நமது கிராமத்தில் மடியிலேயே பயணம் செய்யும் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. பின்னாசனப் பட்டியுள்ள வான் யாரிடம் உண்டு?
3. பொது ஆசனம் ஒன்றை யார் பொறுப்பேற்றுப் பேணுவார்?